கார் வேண்டாம், கொல்லை போதும்... டெல்டாவின் டிரைவ்-இன் சினிமா!

எங்கள் அப்பாயி சினிமா பார்க்கும் இடம் அடுப்படி நிலைவாசல். ஒரு கை நிலையில் இருக்கும், இன்னொரு கையில் கரண்டியோ முறமோ இருக்கும். டிவியில் படம் ஓடும்போது அவரை உட்காரச் சொல்லிப் பாருங்கள். "இதோ வர்றேன்" என்பார். வர மாட்டார். உலை கொதிக்கும், மாடு கத்தும், யாராவது தண்ணீர் கேட்பார்கள். படத்தை விட்ட இடத்தில் பிடித்துக்கொள்ள அவருக்குத் தெரியும். கதையின் நடுவில் பெரிய பெரிய பள்ளங்கள் இருந்தாலும் தாண்டிவிடுவார்.

2020 கோடையில் இது என் கண்ணில் பட்டது. அதற்கு முன் பட்டதில்லை என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மார்ச் கடைசியில் ஊரடங்கு அறிவித்ததும் சென்னையிலிருந்து லேப்டாப்போடு ஊருக்கு வந்து சேர்ந்தேன். திருவையாறு பக்கம், குடமுருட்டிக் கரையில் எங்கள் ஊர். தெரு முழுக்க இருந்தவர்கள் வீட்டுக்குள் இருந்தார்கள். சித்திரைத் திருவிழா இல்லை, காப்புக் கட்டு இல்லை, கல்யாணம் என்றால் 50 பேர். தமிழ்நாட்டில் தியேட்டர்கள் மார்ச் 17-லேயே மூடிவிட்டன. எங்கள் ஊர்க்காரர்களுக்கு சினிமா என்றால் தஞ்சாவூர் பஸ் ஏற வேண்டும். அந்தப் பஸ்ஸும் இல்லை.

மே மாதம், கத்திரி வெயில் தொடங்கிய வாரம். ஒருநாள் சாயங்காலம் எங்கள் கொல்லை வேலிக்கு அந்தப் பக்கம் மைக் செட் மாமா நின்றுகொண்டிருந்தார். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் ஒலிபெருக்கி, சீரியல் லைட் போடுகிறவர். சித்திரை, வைகாசி இரண்டு மாதம் சம்பாதித்ததை வைத்துத்தான் மழைக்காலத்தை ஓட்டுவார். அந்த வருடம் ஸ்பீக்கர் பெட்டிகள் அவர் ஷெட்டில் அடுக்கியபடி இருந்தன. கல்யாண மண்டபங்களில் வீடியோ காட்ட வாங்கிய புரொஜெக்டரும் அங்கேதான் இருந்தது.

"போட்டு வைக்காம இருந்தா எல்லாம் கெட்டுப் போயிடும் பாப்பா. ஒரு படம் ஓட்டிப் பார்ப்பமா?" என்றார்.

அப்படித்தான் தொடங்கியது.

ஓடுபாதையில் ஒரு சினிமா

அந்த நேரத்தில் உலகமே காருக்குள் உட்கார்ந்து சினிமா பார்க்கும் பழைய வழக்கத்தைத் தேடி எடுத்துக்கொண்டிருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். லிதுவேனியா நாட்டின் வில்னியஸ் விமான நிலையத்தில் விமானங்கள் நின்றுபோனதால், அவை நிற்கும் தளத்தில் திரையைக் கட்டிக் கார்களை வரவைத்தார்கள். 2020 ஏப்ரல் கடைசியில் அங்கே முதலில் ஓடியது கொரியப் படமான ‘பாரசைட்’. ஜெர்மனியில் ஊருக்கு ஊர் புதிதாக டிரைவ்-இன் முளைத்தது. அமெரிக்காவில் வால்மார்ட் தன் கடைகளில் 160 இடங்களின் பார்க்கிங்கைத் திரையரங்காக மாற்றியது. ஒரு குடும்பம் ஒரு கார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டால் பக்கத்து வண்டிக்காரரின் தும்மல் வராது. வசனமும் பாட்டும் காரின் எஃப்.எம். ரேடியோவில் கேட்கும். தொற்றுக்காலத்துக்கென்றே யாரோ யோசித்து வைத்ததுபோல இருந்தது.

யோசித்தவர் வேறு காரணத்துக்காக யோசித்தார். அமெரிக்காவின் நியூஜெர்சியைச் சேர்ந்த ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட். தன் வீட்டு வாசலில் இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு துணியைக் கட்டி, கார் பானட் மேல் புரொஜெக்டரை வைத்து, திரைக்குப் பின்னால் ஒரு ரேடியோவைப் பாடவிட்டுப் பார்த்தார். மழை வந்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள, புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் கருவியைக் காருக்கு மேல் திருப்பிவிட்டாராம். பின்வரிசைக் காருக்கு முன்வரிசைக் கார் மறைக்குமே? முன்சக்கரங்களை ஒரு மேட்டில் ஏற்றி நிறுத்தினால் காரின் மூக்கு தூக்கிக்கொள்ளும், மறைக்காது என்று கண்டுபிடித்தார். 1933 ஜூன் 6-ல் கேம்டன் ஊரில் முதல் டிரைவ்-இன் திறந்தது. காருக்கு 25 சென்ட், ஆளுக்கு 25 சென்ட். தியேட்டர் நாற்காலியில் வசதியாக உட்கார முடியாத அவருடைய அம்மாவுக்காகத்தான் இதை யோசித்தார் என்று ஒரு கதையும் உண்டு. நிஜமோ பொய்யோ, எனக்கு அந்தக் கதை பிடிக்கும்.

நம் நாட்டில் அகமதாபாத்தில் 1973-லேயே டிரைவ்-இன் வந்துவிட்டது. தமிழ்நாட்டுக்காரர்களுக்குத் தெரிந்தது சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஈஞ்சம்பாக்கத்தில் 1991-ல் வந்த பிரார்த்தனா. வேலைக்குச் சேர்ந்த புதிதில் தோழிகளோடு இரண்டு தடவை போயிருக்கிறேன். காரில் போய்விட்டு, காரை விட்டு இறங்கித்தான் எல்லோரும் படம் பார்த்தார்கள்! டிக்கியிலிருந்து மடக்கு நாற்காலி, பாய், தலையணை, டிபன் கேரியர் எல்லாம் வெளியே வந்தன. குழந்தைகள் பானட் மேல் படுத்திருந்தார்கள். பக்கத்துக் குடும்பத்தில் ஒரு அம்மா தயிர்சாதம் ஊட்டிக்கொண்டே வில்லனைத் திட்டினார். அமெரிக்கர்கள் கண்டுபிடித்ததை நம் ஆட்கள் திருவிழாவாக மாற்றியிருந்தார்கள்.

ஆனால், தஞ்சாவூரிலிருந்து அங்கே போக முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகும். 2020 கோடையில் மாவட்ட எல்லையைத் தாண்டவே இ-பாஸ் வேண்டும். அது இருக்கட்டும், எங்கள் தெருவில் மொத்தம் இரண்டு கார். மற்றதெல்லாம் டூவீலரும் டிராக்டரும்தான்.

வண்டி கட்டிப் போன சினிமா

இதை அப்பாயியிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. "வண்டியில போயி வண்டியிலயே இருந்து பாக்குறது என்ன அதிசயம்? நாங்க பாக்காததா?" என்றார்.

உண்மைதான். தமிழ்நாட்டில் சினிமா ஊருக்குள் வந்ததே கூடாரத்தோடுதான். கோயம்புத்தூர்க்காரரான சாமிக்கண்ணு வின்சென்ட் திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்தவர். 1905-ல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் வாங்கிக்கொண்டு வேலையை விட்டுவிட்டார். கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டினார். திருச்சியில் தொடங்கிய அந்தப் பயணம் ரங்கூன் வரை போனது. பிறகு கோவையில் நிலையான தியேட்டரே கட்டினார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள்தான் நம் தாத்தாக்களுக்குத் தெரிந்த டூரிங் டாக்கீஸ்காரர்கள்.

டெல்டாவுக்கு இந்தத் தொழில் ஏன் இவ்வளவு ஒட்டிப்போனது என்பதற்கு நிலத்தைப் பார்க்க வேண்டும். தை, மாசியில் சம்பாவும் தாளடியும் அறுப்பாகும். அதன் பின் உளுந்தும் பயறும் நிற்கும், அதுவும் சித்திரையில் முடியும். அப்புறம் மேட்டூர் தண்ணீர் வரும் வரை நிலம் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும். களிமண் பூமி, சேறு வற்றினால் சிமெண்ட் தரை மாதிரி. கையில் அறுவடைக் காசு, கண்ணுக்கு எட்டிய தூரம் காய்ந்த தரை, செய்ய வேலையில்லாத ராத்திரி. இந்த மூன்றும் வருடத்தில் இந்தச் சில வாரங்கள் மட்டும்தான் சேர்ந்து வரும். திருவிழா, நாடகம், சினிமா எல்லாம் இந்த இடைவெளிக்குள்தான் நடந்தாக வேண்டும். தண்ணீர் வந்துவிட்டால் நாற்றங்கால், உழவு, நடவு. யாருக்கும் தலை நிமிர நேரம் இருக்காது.

கீற்றுக் கொட்டகை, சுற்றித் தடுப்பு, உள்ளே மணல். தரை டிக்கெட் வாங்கியவர்கள் மணலைக் குவித்து மேடாக்கி உட்காருவார்கள். முன்னால் இருப்பவர் இன்னும் உயரமாகக் குவிப்பார், சண்டை வரும். ஒற்றை மெஷின் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் ஓர் இடைவேளை. சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு ஸ்பீக்கரில் கேட்டால் டிக்கெட் கொடுக்கப்போகிறார்கள் என்று அர்த்தம். நாலு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற ஊரில் சோறு வடித்துக்கொண்டிருக்கிற பெண்களுக்கு அதுதான் கடிகாரம். கூண்டு வண்டியில் வைக்கோலைப் பரப்பி, மேலே ஜமக்காளம் விரித்து, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்புவார்கள். கொட்டகைக்கு வெளியே மாடுகளை அவிழ்த்துக் கட்டிவிட்டு, வண்டிக்குக் காவலாக ஒருவர் படுத்திருப்பார். அவர் படத்தைக் காதால் பார்ப்பார். வானொலியில் ஒலிச்சித்திரம் வந்தபோது இவர்களுக்கு அது புதிதாக இருந்திருக்காது.

கோயில் திருவிழாவுக்கு 16 எம்.எம். மெஷினில் போட்ட படங்கள்தான் அசல் டிரைவ்-இன். தடுப்பு இல்லை, டிக்கெட் இல்லை, திடலில் இரண்டு மூங்கிலுக்கு நடுவே வெள்ளைத்துணி. கடைசி வரிசை முழுக்க மாட்டுவண்டிகள். மக்கள் தொடர்புத் துறையின் வேனும் இப்படித்தான் வந்து படம் காட்டும். குடும்பக் கட்டுப்பாட்டுப் படத்தைப் பொறுமையாகப் பார்த்தால்தான் அடுத்து நல்ல படம் என்பது பேசப்படாத ஒப்பந்தம்.

"திரைக்கு அந்தப் பக்கமும் கூட்டம் உக்காரும். இடம் கிடைக்காதவங்க" என்றார் அப்பாயி. "அங்கேருந்து பாத்தா எம்.ஜி.ஆர். இடது கையால கத்தி சுத்துவாரு. எழுத்தெல்லாம் தலைகீழா ஓடும். படிக்கத் தெரியாத எங்களுக்கு எந்தப் பக்கமா இருந்தா என்ன!"

அந்த ஒரு பேச்சில் எங்கள் பிரச்னை தீர்ந்தது.

இரண்டு வேட்டி, இரண்டு வீடு

பிரச்னை இதுதான். மைக் செட் மாமா வீட்டில் ஐந்து பேர். எங்கள் வீட்டில் சித்தப்பா குடும்பத்தோடு சேர்த்து ஒன்பது பேர். அப்பாயிக்கு 78 வயது, சர்க்கரை வேறு. இரண்டு வீட்டையும் ஒரே களத்தில் உட்காரவைக்க அம்மாவுக்கு மனமில்லை. திரையை வேலியின் மேலேயே கட்டினால்? அவர்கள் அவர்கள் கொல்லையில், நாங்கள் எங்கள் கொல்லையில். புரொஜெக்டர் எங்கள் பக்கம், ஒரு ஸ்பீக்கர் அவர்கள் பக்கம்.

எட்டு முழ வேட்டி இரண்டை நீளவாக்கில் சேர்த்துத் தைத்தால் கிட்டத்தட்ட 12 அடி அகலம், 8 அடி உயரம் வரும். வீட்டிலேயே சினிமாஸ்கோப்! ஒரே ஒரு எச்சரிக்கை. கரை இல்லாத வேட்டியாக இருக்க வேண்டும். கட்சிக் கரை வேட்டியை எடுத்துவிட்டால் படம் முழுக்க நாயகனின் இடுப்பில் கொடி பறக்கும். முதல்நாள் தம்பி அதைத்தான் செய்தான். மேலேயும் கீழேயும் மூங்கில் கழியைச் செருகி இழுத்துக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் கோடைக்காற்று உள்ளே புகுந்து, நாயகி முகம் பலூன் மாதிரி உப்பும். வேட்டி மெல்லிய துணி என்பதால் வெளிச்சம் ஊடுருவி அந்தப் பக்கமும் படம் தெரியும், கொஞ்சம் மங்கலாக. நம் பக்கம் மே மாதத்தில் ஆறரை மணி வாக்கில்தான் சூரியன் மறைகிறது. ஏழேகாலுக்கு முன் ஆரம்பித்தால் ஒன்றும் தெரியாது. கொசுவுக்கு வேப்பிலைப் புகை. அது புரொஜெக்டர் வெளிச்சத்தில் சுருள் சுருளாகப் போகும்போது, படத்தில் இல்லாத மேகமெல்லாம் வரும்.

என்ன படம்? அப்பாயியைக் கேட்டோம். யோசிக்கவே இல்லை, ‘தில்லானா மோகனாம்பாள்’ என்றார்.

அதற்கு ஒரு கதை இருந்தது. கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடரை ஏ.பி.நாகராஜன் படமாக எடுத்து 1968-ல் வெளியிட்டார். சிக்கல் சண்முகசுந்தரமாக சிவாஜி, திருவாரூர் மோகனாம்பாளாக பத்மினி. ஊர்ப் பெயர்களே எங்கள் பக்கத்து ஊர்கள். சூரக்கோட்டைக்காரரான சிவாஜியையும் எங்கள் பக்கம் யாரும் நடிகராக மட்டும் பார்ப்பதில்லை. அந்தப் படம் டூரிங் கொட்டகைக்கு வர அடுத்த வருடக் கோடை ஆனது. வண்டி கட்டி, எட்டுப் பேர் கிளம்பிப் போயிருக்கிறார்கள். அப்பாயி மடியில் இரண்டு வயதில் என் அப்பா. இடைவேளையில் குழந்தைக்கு உடம்பு கொதித்திருக்கிறது. "நீ புள்ளையத் தூக்கிக்கிட்டு வண்டிக்குப் போயிரு" என்று யாரோ சொன்னார்களாம். மிச்சப் படத்தை அவர் வண்டியில் இருந்து கேட்டார். மாடுகள் அசைபோடும் சத்தத்துக்கு நடுவே நாதஸ்வரம்.

"டிவியில நூறு தடவ போட்டிருப்பாங்களே அப்பாயி?"

"போட்டான். நான் எங்க உக்காந்தேன்?"

அன்றைக்கு சமையல் மத்தியானமே முடிந்தது. புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும். ராத்திரி யாரும் எழுந்து உள்ளே போகக்கூடாது, தண்ணீர் வேண்டுமானால் அவரவர் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சட்டம் போட்டேன். அப்பா ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் தண்ணீர்ப் பானையைத் தானே தூக்கிக்கொண்டு வந்து கொல்லையில் வைத்தார். அப்பாயிக்குச் சாய்வு நாற்காலி. மாமா வீட்டுப் பையன்கள் அவர்கள் பக்கத்தில் டிராக்டரைக் கொண்டுவந்து, முன்சக்கரத்தை வரப்பில் ஏற்றி நிறுத்தி, டிப்பருக்குள் படுத்துக்கொண்டார்கள். கேம்டன்காரர் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார். மாமாவிடமிருந்த டிவிடி ஓடத் தொடங்கியது.

மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவான படம். இரண்டு வேட்டியையும் சேர்த்த தையல் சிவாஜி நெருக்கத்தில் வரும்போதெல்லாம் மூக்குக்குக் குறுக்கே ஓடியது. அப்பாயி அதையெல்லாம் கவனித்ததாகத் தெரியவில்லை. நாகேஷ் வரும்போது சிரித்தார். ‘ஜில் ஜில்’ மனோரமா வந்ததும், வேலிக்கு அந்தப் பக்கம் அத்தை சிரிக்க, இந்தப் பக்கம் இவர் சிரிக்க, இரண்டு சிரிப்பும் வேட்டியில் மோதிக்கொண்டன. நாதஸ்வரத்தை நிஜத்தில் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். அந்தச் சத்தம் திறந்த வெளியில், காய்ந்த வயல் மேல் போவதை அன்றைக்குத்தான் கேட்டேன். ஏசி தியேட்டரில் அது வேறு வாத்தியம்.

காயம்பட்டிருந்த சண்முகசுந்தரத்தைப் பார்த்து மோகனா உடல்நலம் விசாரித்து ஆடும் அந்தக் கண்ணதாசன் பாட்டு வந்தது. அந்த இரண்டு மாதத்தில் போனை எடுத்தாலே நாங்கள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அதுதான். பம்பாயில் இருக்கும் அத்தையை, சிங்கப்பூரில் இருக்கும் அண்ணனை, ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் சித்தியை. யாரும் ஒன்றும் பேசவில்லை. அம்மா மூக்கைச் சிந்தினார். மாமா வீட்டுப் பக்கத்தில் யாரோ ஸ்பீக்கரின் ஒலியைக் கொஞ்சம் கூட்டினார்கள்.

படம் முடிந்து வணக்கம் போட்டதும் அப்பாயி எழுந்திருக்கவில்லை. 51 வருடமாகப் பாக்கியிருந்த பாதியைப் பற்றி ஏதாவது பெரிதாகச் சொல்வார் என்று சுற்றி நின்றோம்.

"கட்டிக்கிறதுக்கு முன்னாடியே இவ்வளவு கோவப்படுறான். அந்தப் பொண்ணு என்ன பாடுபடப்போவுதோ" என்றார்.

ஆறாம் நாள்

அடுத்தடுத்த நாட்களில் வடிவேலு நகைச்சுவை, குழந்தைகளுக்கு ஒரு கார்ட்டூன், அப்பாவுக்கு ரஜினி. நான்காம் நாள் பக்கத்துத் தெருவிலிருந்து இரண்டு பேர் வந்து வேலியோரம் நின்றார்கள். ஐந்தாம் நாள் பத்துப் பேர். ஆறாம் நாள் எண்ணிப் பார்த்தேன், முப்பதைத் தாண்டியிருந்தது. பாதிப் பேர் முகக்கவசம் தாடையில். பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து கிடந்தார்கள். அத்தனை நாள் வீட்டுக்குள் அடைந்துகிடந்த பிள்ளைகள். போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ரோந்து வந்த போலீஸ்காரர் பைக்கை நிறுத்தினார். அதட்டவில்லை. கொஞ்ச நேரம் அவரும் படத்தைப் பார்த்தார். பிறகு, "அண்ணே, எனக்கும் ஆசைதான். ஆனா நாளைக்கு இங்க ஒருத்தருக்கு வந்துட்டா தெருவையே தகரம் வெச்சு அடைப்பாங்க" என்று மாமாவிடம் சொன்னார். மாமா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் புரொஜெக்டரை அணைத்தார். முணுமுணுப்பு எழுந்தது. எனக்கும் கோபம்தான். யோசித்துப் பார்த்தால், அந்த இருவரும் செய்தது சரி. திறந்தவெளியில் தொற்று பரவுவது குறைவு என்பது உண்மை. ஆனால், தோளோடு தோள் உரசி உட்கார்ந்தால் தலைக்கு மேல் வானம் இருந்து என்ன பயன்? டிரைவ்-இன்னில் காரின் வேலையே அந்த இடைவெளியைக் காப்பாற்றுவதுதான். எங்களிடம் வேலி இருந்தது. அதை மூன்றாவது வீட்டுக்கு நீட்ட எங்களுக்குத் தெரியவில்லை.

இதைப் படித்துவிட்டுத் தெருவுக்குப் படம் போடலாம் என்று யாராவது நினைத்தால் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டாருக்கு உங்கள் கொல்லையில் போட்டுக்கொள்வதற்கு யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை. ஊரைக் கூட்டிப் படம் காட்டுவதற்கு, டிக்கெட் இல்லாவிட்டாலும் படத்தின் உரிமையாளரிடம் அனுமதி வேண்டும். ஓ.டி.டி. சந்தா ஒரு வீட்டுக்கானதுதான். காசு வாங்கிக் காட்டுவதென்றால் அரசு லைசென்ஸ் இல்லாமல் முடியாது. அந்தக் கால டூரிங் டாக்கீஸ்காரர்களும் குறிப்பிட்ட காலத்துக்கென்று லைசென்ஸ் வாங்கித்தான் நடத்தினார்கள்.

அந்த வருடம் ஜூன் 12-ம் தேதி மேட்டூர் அணை திறந்தது. குறுவைக்காக உரிய காலத்தில் திறக்காமலே எட்டு வருடம் ஓடியிருந்தது. 16-ம் தேதி கல்லணையில் திறந்தார்கள். குடமுருட்டியில் தண்ணீர் வந்ததும் ஊரே மண்வெட்டியோடு வயலில் நின்றது. மாமா வேட்டித் திரையைத் துவைத்து மடித்து ஷெட்டில் வைத்தார். நவம்பர் 10-ல் தியேட்டர்களைப் பாதி இருக்கைகளோடு திறந்தார்கள். பொங்கலுக்கு ‘மாஸ்டர்’ வந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

2021 கோடையில் திரை கட்டவில்லை. ஏப்ரல் கடைசியில் தியேட்டர்கள் மறுபடி மூடின. மே 21-ம் தேதி மட்டும் தமிழ்நாட்டில் 36,184 பேருக்குத் தொற்று. அந்த வாரம்தான் மைக் செட் மாமாவுக்கு மூச்சுத்திணறல் வந்தது. ஆம்புலன்ஸில் ஏறும்போது, ஸ்பீக்கர் பெட்டிகளுக்குள் எலி போகாமல் பார்த்துக்கொள்ளும்படி மகனிடம் சொன்னாராம். ஒன்பதாம் நாள் அவரைப் பாலித்தீன் உறையில்தான் கொண்டுவந்தார்கள். வீட்டுக்குக்கூடக் கொண்டுவரவில்லை, நேரே ஆற்றங்கரைக்கு. ஊரில் எந்தச் சாவுக்கும் ஒலிபெருக்கி கட்டியவர் அவர். அவர் சாவுக்குப் பறையும் இல்லை, பாட்டும் இல்லை.

அப்பாயி வேலியோரம் நின்று அத்தையைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அந்தப் பக்கமிருந்து அத்தை அழுதார். இரண்டு பெண்களும் வேலியைத் தாண்டவில்லை.

ஆகஸ்ட் 23-ல் தியேட்டர்கள் திறந்தபோது எங்கள் வீட்டில் யாருக்கும் போகத் தோன்றவில்லை.

2022 சித்திரையில் மாரியம்மன் கோயிலுக்கு இரண்டு வருடம் கழித்துக் காப்புக் கட்டினார்கள். மைக் செட் மாமாவின் மகன் பாலிடெக்னிக் முடித்தவன், திருப்பூரில் வேலை கிடைத்திருந்தது. திருவிழாவுக்கு வந்தவன் ஷெட்டைத் திறந்து ஸ்பீக்கர்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான். இரண்டு மட்டும் பேசவில்லை. பத்தாம் நாள் காப்பு அவிழ்த்த ராத்திரி, இரண்டு குடும்பமும் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்தபோது, யாரும் கேட்காமலே அந்த வேட்டியை எடுத்துவந்தான். மடிப்பில் பழுப்பு விழுந்திருந்தது. பழைய மூங்கில் கழியைச் செருகினான். வேலியில் கட்டுவதற்குப் பதிலாக எங்கள் களத்து ஓரத்தில், இரண்டு தென்னைக்கு நடுவே கட்டினான்.

"என்ன படம்டா?" என்று அத்தை கேட்டார்.

"அப்பா டிவிடிதான்."

சாய்வு நாற்காலியில் அப்பாயி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்த பாயைத் தட்டி, "நீ இங்க வா" என்று அத்தையைக் கூப்பிட்டார். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, "அந்த லைட்டை யாராச்சும் அணைங்க" என்றார்.